ஆணியில் தொங்கும் சும்மாடு

நங்கை,

இன்றைக்கு உங்கள் சும்மாட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். நீங்கள் போன பிறகு அதைத் தொட்டது இதுதான் முதல் தடவை. தூசி தட்டி முகர்ந்து பார்த்தேன். அரப்பு வாசம் இன்னும் போகவில்லை. பழைய நூல் சேலையைக் கிழித்து, முறுக்கி, வட்டமாகச் சுற்றிய துணி, அவ்வளவுதான். தலையில் சுமை ஏற்றும்போது மண்டை நோகாமல் இருக்க அடியில் வைப்பது. ஊரில் எல்லாப் பெண்களிடமும் ஒன்று இருக்கும். ஆனால் நம் வீட்டில் மட்டும் அதற்குச் சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்கள் மகள் மயிலாவுக்குத் தெரியும். இன்னொருவனுக்கும் தெரியும். அவன் இன்று நம் வாசலுக்கு வந்திருந்தான்.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு எழுத்துத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் கடுதாசி எது வந்தாலும் நான்தான் படித்துக் காட்டுவேன். மூச்சு வாங்க நிறுத்தினால்கூட "அப்பறம்?" என்று கேட்பீர்கள். இதையும் எழுதி முடித்து உரக்கப் படிக்கப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலிலிருந்தே சொல்கிறேன். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபத்தையும் புளியைப் போல அவ்வப்போது எடுத்து வெயிலில் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும்.

புருஷன் வேண்டாமென்று அனுப்பிவிட்ட அன்று, துணி மூட்டையோடு வந்து உங்கள் வாசலில் நின்றேன். அது என் அண்ணன் வீடுதான். ஆனால் அண்ணன் இல்லை. கிணறு வெட்டப் போன இடத்தில் பாறைக்கு வைத்த வெடி முந்திக்கொண்டு வெடித்து, அவன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கைக்குழந்தையோடு தனியாக நின்ற உங்களுக்கு நான் இன்னொரு வாய். நாத்தனாரும் அண்ணன் பெண்டாட்டியான நங்கையும் ஒரே அடுப்பில் எத்தனை நாள் பொங்குவார்கள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. நீங்கள் என் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தீர்கள். "ஏன் அம்மிணி வாசல்லயே நிக்கறே? அருவா ரெண்டு இருக்குது. புடிக்கறதுக்குத்தான் ஆளு பத்தாம இருந்துச்சு."

மறுநாளே என்னைக் காக்காக் கரட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் அந்தக் கரட்டை ஒரு கல்மேடு என்றுதான் நினைத்திருந்தேன். பாறை, முள், ஆவாரஞ்செடி, நாலு வேப்பமரம், அங்கங்கே அரப்பு மரம். பச்சை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நம் மேட்டாங்காட்டில் கம்பு விதைத்தால் மழை பார்த்துக் கதிர் வரும், மழை இல்லாவிட்டால் தட்டுகூட மிஞ்சாது. கரடு அப்படி ஏமாற்றாது என்பதை உங்களோடு நடந்துதான் கற்றுக்கொண்டேன். கோடையில் அரப்புத் தழை. அதைக் காய வைத்து இடித்துச் சந்தைக்குக் கொண்டுபோனால் திருச்செங்கோட்டு மலைக்குப் போகிற சனம்கூட தலைக்குத் தேய்க்க வாங்கும். ஆனி ஆடியில் வேப்பங்கொட்டை. மழைக்குப் பிறகு சீமாறு, அதாவது விளக்குமாறு, கட்டப் புல். வருஷம் முழுக்க அடுப்புக்குச் சுள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே, தோல் பதப்படுத்த வாங்கிக்கொண்டுபோகிற ஆவாரம்பட்டை.

பட்டை உரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். வெட்டுவதற்கு மட்டும் அரிவாள். குச்சியைத் தட்டிப் பட்டையைக் கழற்ற மரக்கட்டை. உரித்த பச்சைப் பட்டையை இரும்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒருதரம் நான் தெரியாமல் பழைய இரும்புச் சட்டியில் பட்டையைப் போட்டு வைத்துவிட்டேன், நடுவில் ஒரு தூறலும் போட்டது. மறுநாள் எல்லாம் மை மாதிரி கறுத்துக் கிடந்தது. நீங்கள் திட்டவில்லை. கறுத்த ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்து, என் நெற்றியில் பொட்டு வைத்துச் சிரித்தீர்கள். "இத வெச்சுத் தோலப் பதம் பண்ணுனா மாட்டுத்தோலு எருமைத்தோலாப் போயிரும் அம்மிணி." அந்தப் பொட்டு இரண்டு நாள் போகவில்லை. பிற்பாடு அது எதற்கு உதவப் போகிறது என்று அன்றைக்கு நம் இருவருக்கும் தெரியாது.

அந்தக் காலம் இரண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் கரட்டு ஆவாரம்பட்டையை ஏலம் விட்டார்கள். அவன் எடுத்தான். பெயர் சொல்ல மாட்டேன். நீங்களும் கடைசிவரை சொல்லவில்லை, குத்தகைக்காரன் என்றால் அவன் ஒருவன்தான். ஏலம் விட்டது பட்டையை மட்டும். அவன் பூட்டியது கரடு முழுவதையும். அடிவாரத்தில் காவல்காரனைப் போட்டான். சுள்ளி பொறுக்கப் போனவளைத் துரத்தினான். புல் அறுத்தவளின் அரிவாளைப் பிடுங்கினான். வேப்பங்கொட்டை பொறுக்கிய கிழவியிடம் கூடையைக் கவிழ்க்கச் சொன்னான். மழை இல்லாத வருஷம் வேறு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் பிள்ளைகுட்டியோடு போனவர்கள் பாதிப்பேர், போக முடியாதவர்கள் அவனுடைய கொட்டகையிலேயே கூலிக்குப் பட்டை தட்டப் போனார்கள். நம்முடைய கரட்டுப் பட்டையை நாமே தட்டி, அவன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருவது. எத்தனை பேர் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கரட்டால் என்று, பூட்டின பிறகுதான் ஊருக்கே விளங்கியது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. ஊரில் சந்தை கூடுகிற நாள்.

சந்தைக்கு நீங்கள் அரப்புத் தழைக் கட்டோடு வந்தீர்கள். மயிலா உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள், நாலு வயது இருக்கும். நான் முன்னாலேயே வந்து சீமாறு பரப்பி உட்கார்ந்திருந்தேன். புளியமரத்தடியில் அவன் நின்றிருந்தான், கையில் குடை, பக்கத்தில் காவல்காரன். உங்களை நிறுத்தினான்.

"ஆரக் கேட்டு வெட்டுனே?"

"அரப்புத் தழைங்க. உங்க குத்தகை பட்டைக்குத்தானுங்களே?"

"தழை உன்னுதுன்னே வெச்சுக்கலாம். கட்டியிருக்கறது என்ன?"

நங்கை, அப்போதுதான் நானும் பார்த்தேன். கட்டைச் சுற்றியிருந்தது ஆவாரம்பட்டை நார். நம் பக்கத்தில் கரட்டுக்குப் போகிற யார்தான் கயிறு எடுத்துக்கொண்டு போகிறார்கள்? புல்லோ விறகோ தழையோ, பக்கத்தில் நிற்கிற ஆவாரஞ்செடியில் ஒரு கிழி கிழித்து முடிச்சுப் போடுவதுதான். பிறந்ததிலிருந்து கை அப்படியே பழகியது. நீங்களும் யோசிக்காமல் கிழித்து முடிந்திருக்கிறீர்கள். அந்த ஒரு முழப் பட்டையைத்தான் அவன் திருட்டு என்றான்.

கட்டை இறக்கச் சொன்னான். இறக்கினீர்கள். உங்கள் தலையில் இருந்த சும்மாட்டைக் குடை நுனியால் தட்டிப் புழுதியில் தள்ளினான். "கள்ளிக்கு எதுக்குச் சும்மாடு? வெறுந்தலையில தூக்கு." காவல்காரன் கட்டைத் தூக்கி உங்கள் தலையில் வைத்தான். சந்தை முழுக்க ஒரு சுற்று உங்களை நடக்க விட்டார்கள். காவல்காரன் பின்னாலேயே "கள்ளி வாரா, கள்ளி வாரா" என்று கூவிக்கொண்டு வந்தான். மயிலா சேலையை விடாமல் ஓடி ஓடி வந்தாள். உப்பு விற்கிறவள், கத்தரிக்காய் விற்கிறவள், நம்மோடு ஒன்றாகக் கரட்டுக்கு வந்தவர்கள், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்து வந்தேன். நீங்கள் கண்ணாலேயே என்னை நிறுத்தினீர்கள். புழுதியில் கிடந்த சும்மாட்டை எடுக்க மட்டும்தான் என்னால் முடிந்தது.

வீட்டுக்கு வந்து நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தீர்கள். என் கையிலிருந்து சும்மாட்டை வாங்கி ஆணியில் மாட்டினீர்கள். "ஒரு நாளைக்கு இதே மாதிரி, இதே சந்தையில, அவன் தலையில சுமை ஏறோணும். அது வரைக்கும் நான் சும்மாடு வெக்கமாட்டேன்." அவ்வளவுதான் சொன்னீர்கள். சொன்னபடியே இருந்தீர்கள். விறகோ தண்ணீரோ எருவோ, எதையும் வெறுந்தலையில்தான் சுமந்தீர்கள். இரண்டு சேலை மாற்றும் அளவுக்கு வசதி வந்த பிறகும் அப்படித்தான். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "உனக்குப் பசிச்சா நீ சாப்புடு அம்மிணி, என்ற பசி எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். நீங்கள் அவனுடைய கொட்டகைக்கே கூலிக்குப் போனீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று களியைக் கிண்டாமல் அடுப்பை அணைத்துவிட்டேன். "மானம் ரோசம் இல்லையா உங்களுக்கு?" என்றுகூடக் கேட்டேன். நீங்கள் அமைதியாக அடுப்பை மறுபடி பற்ற வைத்தீர்கள். "தலையில ஏத்தோணும்னா தலைக்குக் கிட்டப் போவோணுமில்ல?"

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்தான். உங்களைத் தண்ணீர் சுமக்கப் போட்டான். அங்கேதான் அவனுடைய தொழில் ரகசியம் உங்களுக்குத் தெரிந்தது. காய்ந்த பட்டையைச் சேலத்துக்கு வண்டியேற்றுவதற்கு முதல் நாள் சாயங்காலம், எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்துக் கட்டிக் கோணி போட்டு மூடுவான். காலையில் பார்த்தால் மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். சேலத்தில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த பாய் காய்ந்த பட்டை என்று நம்பித்தான் வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் கவனித்துக்கொண்டு வந்து என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். "அவன் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது அம்மிணி. ஆவாரம்பூவைக் காய வெச்சுக் கசாயம் குடிக்கறான். ஒடம்பு பூராச் சக்கரை, வாயில மட்டும் இல்லை." நானும் சிரித்தேன். அதை நீங்கள் எங்கே முடிந்து வைத்துக்கொண்டீர்கள் என்று இப்போதுதானே எனக்குத் தெரிகிறது.

கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பானை வைத்தீர்கள். மாட்டு லாடம், உடைந்த ஏர்க்கொழு, துருப்பிடித்த ஆணி, கிடைத்த இரும்பையெல்லாம் அதில் போட்டுப் புளித்த கம்மங்கஞ்சித் தண்ணீரை ஊற்றி மூடினீர்கள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். என்ன என்று கேட்டேன். ஒரு பட்டைத் துண்டை அதில் முக்கி எடுத்துக் காட்டினீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. பிறகு அதே விரலால் மறுபடி என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தீர்கள். இந்தத் தடவை இருவரும் சிரிக்கவில்லை.

வண்டியேற்றுகிற வாரம் வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அவன் "தண்ணி கொண்டா, தண்ணி கொண்டா" என்று அவசரப்படுத்தினான். நீங்கள் குடத்துக்கு ஒரு சொம்பு பானைத் தண்ணீரைக் கலந்து, குடம் குடமாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள், வெறுந்தலையில். அவன் ஆட்கள் தெளித்தார்கள். அவன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், மங்கின வெளிச்சத்தில் பட்டையின் நிறம் தெரியவில்லை. இருட்டுவதற்குள் கட்டி மூடிவிட்டார்கள், விடிந்ததும் வண்டி போய்விட்டது.

பாய் அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்கே வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, கணுக்காலுக்கு மேலே கட்டிய லுங்கி, முகமெல்லாம் நெருப்பு. புளியமரத்தடியில் ஒரு தோலை விரித்துப் போட்டார். பழுப்பாக இருக்க வேண்டிய தோல், கரும்புள்ளியும் திட்டுமாகக் கிடந்தது.

"தொட்டி முழுக்க இப்படித்தான் ஆயிருக்கு. என்ன பட்டைங்க குடுத்தீங்க?"

"பட்டை நல்ல பட்டைதானுங்க பாய். உங்க தொட்டித் தண்ணியில ஏதாச்சும்..."

"என் தொட்டி எங்க வாப்பா காலத்துலேர்ந்து இருக்குது. இரும்புத் தண்ணி படாம பட்டை இப்படிக் கறுக்காது. அது இருக்கட்டும். காய்ஞ்ச பட்டைன்னுதானே எனக்கு வித்தீங்க? காய்ஞ்ச பட்டையில தண்ணிக்கு என்ன வேலை? அதை முதல்ல சொல்லுங்க."

எவளோ கெட்ட தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டாள் என்று அவன் சொல்ல வேண்டுமானால், தண்ணீர் ஊற்றியதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் உங்களைத் தேடிப் பார்த்தான். நீங்கள் அரப்புப் பொடியை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்கி அவனை நேராகப் பார்த்தீர்கள். அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றான் பாருங்கள், அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு குளிர்கிறது.

பாய்க்கு ஆன நட்டம் மட்டும் உங்களை உறுத்தியது. அவருக்கென்று அனுப்பிய முதல் பட்டையை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக் கட்டினீர்கள். ஆமாம், அடுத்த ஏலத்தில் கரடு நம் கைக்கு வந்ததே. பட்டை நன்றாக இருந்தால் முன்பணம் தருகிறேன் என்று பாய் சொன்ன தைரியத்தில் சாவடிக்குப் போய் நின்றீர்கள். "பொம்பளை பேருல குத்தகையா?" என்று பஞ்சாயத்துக் குமாஸ்தா சிரித்தார். "ஆம்பளைக்குத்தான்னு எங்காச்சும் போட்டிருக்குதுங்களா? இருந்தாப் படிச்சுச் சொல்லுங்க, எங்க அம்மிணிக்கும் படிக்கத் தெரியும்" என்றீர்கள். எங்கேயும் போட்டிருக்கவில்லை. அன்று சந்தையில் தலை குனிந்தவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து உங்கள் பின்னால் நின்றார்கள். உப்பு விற்கிறவளிடம் நீங்கள் திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. "அன்னைக்குக் குனிஞ்சே. இன்னைக்கு நிமுந்து நில்லு, அது போதும்."

அதற்குப் பிறகு நடந்ததை ஊரைப் பார்த்தாலே தெரியும். புல்லும் சுள்ளியும் தழையும் எல்லாருக்கும் பொது. பட்டையை மட்டும் எல்லாரும் சேர்ந்து உரித்துச் சேர்ந்து விற்பது. வெட்டு, சாணுக்குக் கீழே இறங்கக் கூடாது, மீறினால் அடுத்த சுற்றுக்கு அவளுக்கு இடமில்லை. மழை தவறிய வருஷங்களிலும் நம் ஊரிலிருந்து ஒருவரும் காப்பித் தோட்டத்துக்குப் போகவில்லை. அடகில் இருந்த அண்டாவும் குடமும் வீடு திரும்பின. வேப்பங்கொட்டை விற்று ஆடு வாங்கினார்கள், ஆடு விற்று ஓடு போட்டார்கள். மயிலா எட்டாவது வரை படித்தாள். கல்மேடு என்று நான் நினைத்த அந்தக் கரடுதான் இத்தனையையும் செய்தது. அவனோ அக்கம்பக்கத்து ஊர்க் கரடுகளைக் குத்தகை எடுத்து, அவசரத்தில் வேரோடு பிடுங்கிப் பட்டை உரித்தான். இரண்டு மழைக்குப் பிறகு அங்கெல்லாம் ஆவாரம் என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை.

ஊரே உங்களைக் கும்பிட்டது. ஆனால் நீங்கள் நிறைவாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் கரட்டு உச்சியில் உட்கார்ந்திருந்தபோது, எல்லாம்தான் கிடைத்துவிட்டதே, இனியாவது சும்மாடு வையுங்கள் என்றேன். "கெடைச்சது ஊருக்கு. எனக்கு இன்னும் வரலை" என்றீர்கள். அதே வாரத்தில்தான் அந்தப் புது முறையையும் கொண்டுவந்தீர்கள். வைத்தியத்துக்கு ஆவாரம்பூ கேட்டு யார் வந்தாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. காசும் வாங்கக் கூடாது. பறித்துக் கொடுப்பது செவ்வாய்க்கிழமை மட்டும். படுத்த படுக்கையாகக் கிடந்தால் ஒழிய, குடிக்கிறவரே வந்து தன் தலையில் சுமந்துகொண்டு போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. தர்மம் செய்கிறாள் என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும்தான் மெச்சினேன், மடச்சி.

போன தை மாதம் நெஞ்சுச் சளி உங்களைக் கொண்டுபோனது. கடைசியாகக் குளிப்பாட்டியவள் நான். தலைக்கு அரப்பு தேய்க்கும்போது கை நின்றுவிட்டது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் காய்ப்புக் காய்ச்சி, கட்டாந்தரையைப் போல இருந்தது. இத்தனை வருஷம் கொண்டையை மேலே இழுத்து முடிந்து என்னிடம்கூட மறைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அவன் இன்னும் சாகக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

சாகவில்லை. போன வெள்ளிக்கிழமை அவனுடைய மருமகள் வந்தாள், சின்னப் பெண். "மாமனாருக்குச் சக்கரை முத்திப் போச்சுங்க. பச்சைப் பூவும் கொழுந்தும் ஓணும்னு வைத்தியரு சொல்லிப்போட்டாருங்க. எங்கயுமே கெடைக்கலைங்க."

அவளுக்கு மோர் கொடுத்தேன். அவள்மேல் எனக்கென்ன கோபம்? "படுத்துக் கெடக்கறாரா சாமி?"

"இல்லீங்க, நல்லா நடக்கறாருங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குள்ளே ஏதோ திறந்துகொண்டது. எறும்பு மொய்த்ததை நீங்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னது, கரட்டு உச்சி, புது முறை, செவ்வாய்க்கிழமை, தலைச்சுமை. அவன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில்தான் சந்தை. நங்கை, எத்தனை வருஷம் முன்னால் வைத்த கண்ணி! உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. "அப்ப அவரேதான் வரோணும் சாமி. எங்க நங்கை வெச்ச மொறை. செவ்வாக்கெழமை வரச் சொல்லு" என்றேன்.

இன்றைக்குக் காலையில் வந்தான். கழுத்துக்கும் சட்டைக்கும் சம்பந்தமில்லாமல் மெலிந்து போயிருந்தான். நான் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, எல்லாம் "ங்க" போட்டுத்தான்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதே அம்மிணி" என்றான்.

"எனக்கு வேற எங்க வெக்கறதுன்னு தெரியலீங்க" என்றேன்.

காசை எடுத்தான். வாங்குவதில்லை என்றேன். பூவும் கொழுந்துமாக நல்ல பெரிய கட்டாகவே வைத்திருந்தேன், கஞ்சத்தனம் பண்ணவில்லை. கட்டியிருந்தது பச்சை ஆவாரம்பட்டை நார். அவன் கண் அந்த முடிச்சிலேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்தான். ஒரு மாட்டுவண்டி கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். மொறைன்னா மொறைதானுங்க என்றேன். கட்டுக்கு முன்னால் வந்து குனிந்தான். நானும் மயிலாவும் கட்டைத் தூக்கி அவன் தலையில் வைத்தோம்.

ஓர் எட்டு வைத்து நின்றான். "அம்மிணி, ஒரு சும்மாடு இருந்தாக் குடேன். தலை காந்துது."

மயிலாவின் கை ஆணிப் பக்கம் போனது. அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். சும்மாடு அவன் கண்ணுக்கு நேரேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

அவன் போனான். நான் பின்னாலேயே போனேன். கூவவில்லை. சந்தைக்குள் நுழைந்ததும் உப்பு விற்கிறவள் முதலில் பார்த்தாள். தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பிறகு அடுத்தவள், அதற்கடுத்தவள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் தலை குனியவும் இல்லை. புளியமரத்தடியைத் தாண்டும்போது அவன் கால் தடுமாறியது. ஒருவரும் பிடிக்கவில்லை, அவனே சமாளித்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தால் மயிலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "போதுங்க அத்தை. கெழவன் பாவம். எங்கம்மாவா இருந்தாச் சும்மாட்டை எடுத்துக் குடுத்திருக்கும்."

"இருக்கலாம் சாமி. உங்கம்மா மண்டையை நீ குளிப்பாட்டலை. நான் குளிப்பாட்டுனேன்."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நங்கை, அவனை நடக்க வைத்தது நீங்கள். சும்மாட்டைப் பற்றி நீங்கள் எந்த முறையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதைக் கொடுக்காதது நான். ஒருவேளை மயிலா சொல்வதுதான் சரியோ என்னவோ, உங்கள் மனசு அவளுக்குத்தானே வந்திருக்கிறது. எனக்கு வந்தது உங்கள் கோபம். அதையாவது கெட்டுப்போகாமல் வைத்திருக்கிறேன்.

சந்தை கலைந்த பிறகுதான் சும்மாட்டை எடுத்தேன். உங்கள் சபதம் தீர்ந்துவிட்டதே, இனி இதை நான் தலைக்கு வைத்துக்கொள்ளலாமா, உங்களைப் புதைத்த இடத்தில் வைத்துவிட்டு வரலாமா என்று கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மறுபடியும் ஆணியிலேயே மாட்டிவிட்டேன். அவன் ஒரு நாள்தானே நடந்திருக்கிறான்?

பச்சைப் பூ ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வருவான்.